சிவப்புச் சேக்காளி

இல்லை அம்மா, இது காலண்டர் இல்லை. சிவகாசியில் ஏறுகிறவள் கையில் சுருட்டிய தாள் இருந்தால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கண்டக்டர் கேட்டார், அடுத்து நீங்கள். சாமி படமா, சீனரியா என்று வேறு கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை, நண்டு. விரித்துக் காட்டுகிறேன், ஆனால் ஓரத்தைப் பிடிக்காதீர்கள், கையில் ஒட்டும். என்ன ஒட்டும் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் மாட்டுத்தாவணி வரைக்கும்தானே? டிக்கெட் எடுக்கும்போது காதில் விழுந்தது. மகள் வீட்டுக்கா? பைக்குள்ளிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது, அதை வைத்துச் சொன்னேன். நல்லது, இரண்டு மணி நேரம் இருக்கிறது. எனக்கு யாராவது ஒருவர் நியாயம் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து நான் பேசிய எல்லாரும் என் பேச்சு சரி என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நீங்களாவது தப்பு என்றால் தப்பு என்று சொல்லுங்கள். நான் பதில் சொல்கிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முத்துச்செல்வி என்று ஓர் அக்கா. அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். அந்த வேலை போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கித் தரத்தான் இன்றைக்கு மதுரையிலிருந்து வந்தேன். வெறுங்கையோடு போகிறேன். வேலை யாரால் போனது என்பதில்தான் தகராறு. ஊரில் என்னால் என்கிறார்கள். அக்கா மகளுக்குப் பாடம் எடுக்கிற ஜெபமணி டீச்சர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மத்தியானம் எனக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு பேச்சுதானே.

நான் நிரஞ்சனா. எம்.ஏ. தமிழ், இரண்டாம் வருடம். ஆய்வேட்டுக்கு எல்லாரும் பக்தி இலக்கியம், நாவல் என்று எடுத்தபோது நான் சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படக்கதைப் புத்தகத்தை எடுத்தேன். இதெல்லாம் ஒரு தலைப்பா என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசினேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் சொல்லக் கூடாது என்று டீச்சர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் மூன்றாம் வகுப்புக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். பருவத்துக்கு ஓர் எழுத்தாளர். பிள்ளைகளே ஓட்டுப் போட்டு எடுப்பார்கள். கரும்பலகையின் வலது மூலையில் "எங்கள் எழுத்தாளர்" என்று எழுதி அதன் கீழே பெயர். அந்தப் பருவம் முழுக்க அதை யாரும் அழிக்கக் கூடாது, கணக்குக்கு இடம் போதவில்லை என்றாலும் அழிக்கக் கூடாது. அந்த எழுத்தாளர் செய்த புத்தகம் எல்லாவற்றையும் படிப்பார்கள், படத்தைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள், அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம் என்று கண்டுபிடிப்பார்கள், கடைசியில் கடிதம் எழுதுவார்கள். இதைக் கேள்விப்பட்டதும் வாரம் ஒரு நாள் மதுரையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

நான் போன பருவத்தில் ஓட்டில் ஜெயித்தவர் கமலினி துரைராஜ். சென்னையில் இருக்கிறார், எழுதுவதும் அவர், வரைவதும் அவர். இருபத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது ஓட்டு. ஏன் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைகளின் நோட்டுக்கெல்லாம் அட்டை அவருடைய படம்தான். உங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மற்ற ஊரில் நோட்டுக்குப் பழுப்புத் தாள் போடுவார்கள், இங்கே அச்சகத்தில் கழித்த தாளைப் போடுவார்கள். மெஷினை ஓடவிட்டதும் தனித்தனி பிளேட்டில் விழுகிற கலர் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேருகிற வரைக்கும் விழுமே நூறு இருநூறு தாள், அது. கமலினியின் புத்தகங்கள் அச்சாவது முத்துச்செல்வி அக்கா வேலை பார்த்த அச்சகத்தில். அவர் மகள் தர்ஷிகா அந்த வகுப்பில் படிக்கிறாள்.

பள்ளிக்கூட பீரோவில் கமலினியின் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. எழுதிக் கேட்டார்கள், வரவில்லை. அப்போது தர்ஷிகா அம்மாவிடம் சொல்ல, அவர் கழித்த தாளை எடுத்துவந்து, மடித்து, ஓரம் வெட்டி, நடுவில் பின் அடித்து, ஐந்து புத்தகம் கட்டிக் கொடுத்துவிட்டார். கடையில் விற்கிற புத்தகத்துக்கும் அதற்கும் கட்டிய விதத்தில் ஒரு வித்தியாசம் சொல்லமுடியாது. கை அப்படி. அந்த ஐந்தை வைத்துத்தான் வகுப்பே நடந்தது.

இப்போது படத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் நண்டு. அதற்கு இடது பக்கம், ஓர் அங்குலம் தள்ளி, சிவப்பாக இன்னொரு நண்டு தெரிகிறதா? மங்கலாக, உள்ளே ஒன்றும் இல்லாமல், வெறும் சிவப்பு. எல்லாப் பக்கத்திலும் அது உண்டு. மாட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மாடு. குடை பிடித்த பாட்டிக்குப் பின்னால் சிவப்புப் பாட்டி. சில பக்கத்தில் முன்னால் போகும், சில பக்கத்தில் பின்தங்கும்.

கூடவே வருகிற கூட்டாளி என்று பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சிவப்புச் சேக்காளி. "நண்டு போன தெரு" என்கிற இந்தக் கதையில் நண்டு தன்னந்தனியாக வீடு தேடிப் போகிறது. வரிக்கு வரி அதுதான்: நண்டு தனியே போனது, தனியே போனது. டீச்சர் வாசிக்க வாசிக்க தர்ஷிகா எழுந்து நின்றாள். ஏழு, எட்டு வயசு, அவ்வளவாகப் பேசாத பிள்ளை.

"டீச்சர், அது தனியா போகல. அதுக்குத் தெரியாது, கூட சேக்காளி வருது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுத்து பொய் சொல்கிறது, படம் உண்மை சொல்கிறது என்று ஒரு குழந்தை கண்டுபிடிக்கிறது! பஸ்ஸில் திரும்பும்போதே, இதே ரூட்டில், ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எழுதி முடித்துவிட்டேன். அந்தப் பருவம் முழுக்கப் பிள்ளைகள் அதையே தேடினார்கள். கமலினி அத்தைக்குப் பிடித்தவை என்று சார்ட்டில் எழுதி ஒட்டினார்கள்: நண்டு, மழை, கதவு இல்லாத வீடு, சேக்காளி. அத்தைக்கு இரட்டைப் பிறவியாக ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இல்லை, அவருக்கு இருட்டு என்றால் பயம், அதனால்தான் யாரையும் தனியாக விடமாட்டார் என்று இன்னொரு கட்சி. தர்ஷிகா இரண்டாவது கட்சி.

ஒருத்தி மட்டும் கெடுத்தாள். கீர்த்தி என்று முன் பெஞ்சில் ஒரு பிள்ளை. அவள் அப்பா ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவர். "இது சேக்காளி இல்லக்கா, செவப்பு பிளேட்டு ஒதுங்கியிருக்கு. எங்கப்பா இத பாத்தா வைவாரு" என்றாள்.

நான் விடவில்லை. அச்சுப் பிழை என்று நாம் எதை நினைக்கிறோமோ அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது, பார்க்கிறவர் கையில் எது இருக்கிறதோ அதுதான் புத்தகம், எழுதியவர் என்ன நினைத்தார் என்பது நமக்குத் தேவையில்லை என்று விளக்கினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "சரிக்கா" என்று உட்கார்ந்துவிட்டாள். வாதத்தில் நான் தோற்றதே இல்லை அம்மா.

என்ன சிரிக்கிறீர்கள்? சரி, மூன்றாம் வகுப்புதான். ஆனால் எதிர்க்கட்சி எதிர்க்கட்சிதானே.

கடையில் வாங்கிய நல்ல பிரதியை நீ பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இதைக் கட்டுரையாக வாசித்த கருத்தரங்கில் ஒருவர் அப்படித்தான் கேட்டார். எந்தப் பதிப்பு அம்மா என்றார். பின் வரிசையில் அமர்ந்து எல்லாரிடமும் அதையே கேட்கிற ஆள். அச்சகத் தொழிலாளியின் கையால் கட்டப்பட்ட பதிப்பு, உங்கள் நூலகப் பதிப்பைவிட உயர்ந்தது என்று சொன்னேன். கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆனது. அதற்கு மேல் எதற்குப் பிரதி?

அங்கேதான் முக்கியமான இடம் வருகிறது, கவனமாகக் கேளுங்கள். கட்டுரை முடிவில் நன்றி சொல்வது என்று ஒரு பகுதி உண்டு. நெறியாளருக்கு, துறைத் தலைவருக்கு, அப்பா அம்மாவுக்கு. புத்தகத்தை மடித்து வெட்டிப் பின் அடித்த ஆளுக்கு எவனாவது நன்றி சொல்லியிருக்கிறானா? எந்தப் புத்தகத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? எழுதியவர் பெயர் அட்டையில் இவ்வளவு பெரிதாக இருக்கும். கட்டியவர் பெயர்? எனக்கு அதை நினைத்தாலே ஆத்திரமாக வரும். அதனால் எழுதினேன். மனப்பாடமாகவே சொல்கிறேன்: "இந்த ஐந்து நூல்களையும் தம் கையால் கட்டித் தந்த அச்சகத் தொழிலாளி திருமதி மு. முத்துச்செல்வி அவர்களுக்கு." அதற்கடுத்து அச்சகத்தின் பெயர், பிரிவு, ஊர். ஒன்றையும் விடவில்லை.

அவரிடம் போய்ப் படித்தும் காட்டினேன். ஒளித்துச் செய்யவில்லை. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பேரெல்லாம் வேண்டாம் பாப்பா. போட்டோவும் எடுக்காதீங்க" என்றார்.

ஏன் அக்கா என்றேன். "சும்மா சொல்றேன். நம்ம பேரு எதுக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

நம்ம பேரு எதுக்கு! கேட்டீர்களா? இத்தனை வருஷமாக நம் ஜனங்களை இப்படி நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். தன் பெயருக்கு அருகதை இல்லை என்று ஓர் உழைக்கிற பெண் தானே நம்புகிறாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தப் பெயரைக் கட்டாயம் போட வேண்டும் என்று. கொட்டை எழுத்தில் போட்டேன்.

இது திருத்தங்கல் தாண்டிவிட்டதா? பேச்சில் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் இருபத்திரண்டு கடிதம் எழுதினார்கள். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி, சேக்காளிக்குப் பேர் என்ன. தர்ஷிகா மட்டும் வேறு கேட்டிருந்தாள், நண்டுக்கு எப்போது தெரியும் என்று. அந்தக் கடிதங்களோடு என் கட்டுரை, ஐந்து புத்தகத்தின் போட்டோக்கள், பக்கம் பக்கமாக, பின் அடித்த இடம் உட்பட, எல்லாவற்றையும் கமலினிக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று அழைப்பும் வைத்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான கடிதம், குறை சொல்லமுடியாது. குழந்தைகளின் கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாராம். உடம்புக்கு முடியவில்லை, பயணம் செய்ய இயலாது, கையெழுத்திட்ட புத்தகங்கள் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். அப்புறம் இப்படி ஒரு வரி: "என் நண்டுக்குத் துணை யாரும் கிடையாது. அது தனியாகப் போவதுதான் கதை. உங்கள் போட்டோக்களில் என் படங்களின் நிலையைப் பார்த்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. பதிப்பகத்தாரின் கவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன்."

அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த அம்மாள் வேறு ஒன்றும் செய்யவில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். படம் கெட்டுப்போனதே என்கிற வருத்தத்தில் அனுப்பினார். பதிப்பகத்தார் அச்சகத்தைக் கேட்டார்கள். அதிலே இன்னொரு சிக்கல். ஐந்து புத்தகத்தில் ஒன்று, "மாடிவீட்டு மழை", அப்போது வெளியே வரவே இல்லை. அச்சாகி கோடவுனில் இருந்தது. வெளிவராத புத்தகத்தைப் படித்து ஆராய்ந்த முதல் ஆள் நான் என்று கட்டுரையில் பெருமையாக வேறு எழுதியிருந்தேன். கடைக்கு வராத புத்தகம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனது, யார் கொண்டுபோனது, ஆளை நிறுத்தாவிட்டால் இனி வேலை வேறு அச்சகத்துக்குப் போகும் என்று எழுதிவிட்டார்கள். விசாரிக்க வேண்டிய தேவையே அச்சகத்தாருக்கு இல்லாமல் போய்விட்டது.

ஏன் தேவையில்லை என்று கேட்கிறீர்களா? பெயர்தான் இருந்ததே.

கழித்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோவது ஊரே செய்கிற காரியம் என்று நீங்கள் சொல்லுவீர்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் விரித்திருப்பீர்கள். அந்த மேனேஜர் வீட்டுப் பிள்ளை நோட்டிலும் அதே அட்டை இருக்கும். எல்லாரும் செய்வது, யாரும் சொல்லாதது. இதை முதலிலேயே எனக்கு யாராவது விளக்கியிருக்கலாம் இல்லையா? போட்டோ எடுக்காதீங்க என்றால் அதற்கு ஒரு காரணமும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? எனக்குக் காரணம் சொன்னால் நான் கேட்கிற ஆள்தானே.

இன்றைக்குக் காலையில் அந்த மேனேஜரைப் பார்த்தேன். சத்தம் போடுவார், பதிலுக்குப் போடலாம் என்று தயாராகப் போனேன். அவர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். நான் ஒரு மணி நேரம் பேசினேன். விசாரணை இல்லாமல் ஒருவரை எப்படி நிறுத்தலாம், பதினோரு வருட சர்வீசுக்கு என்ன மரியாதை, குப்பைக்குப் போகிற தாள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் யாருக்கு நஷ்டம் என்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மைம்மா. முத்துச்செல்வி மாதிரி கைவாகு எங்க செக்ஷன்லயே கிடையாது" என்றார்.

அப்படியானால் திரும்ப எடுங்கள் என்றேன். அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் கட்டுரையின் கடைசிப் பக்கம். பெயருக்கு அடியில் யாரோ பச்சை மையில் கோடு போட்டிருந்தார்கள்.

"நாங்க யாருன்னு கேக்கவே இல்லையேம்மா. நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன். குடிக்காமல் வந்திருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

அவரையும் பேசி ஜெயித்துவிட்டேன், பாருங்கள். ஒரு கேள்விக்குக்கூட அவரிடம் பதில் இல்லை.

புத்தகம் போன வாரமே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு புத்தகம், புதுசு, பளபளவென்று, ஒவ்வொன்றிலும் கமலினியின் கையெழுத்து. நானும் அன்றைக்கு இருந்தேன். பிள்ளைகள் கையைக் கழுவிவிட்டு வந்துதான் தொட்டார்கள். நண்டு அவ்வளவு அழகாக இருக்கும் என்று நானே நினைத்ததில்லை. கொடுக்கில் இருக்கிற சின்னச் சின்ன முள்கூடத் தெரிந்தது. கீர்த்தி, மெஷின்காரர் மகள், முகர்ந்து பார்த்துவிட்டு, "கலர் நல்லா உக்காந்திருக்கு" என்றாள். பக்கம் பக்கமாகத் திருப்புகிறார்கள், முன்னால், பின்னால், புத்தகத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்க்கிறார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று எனக்கும் டீச்சருக்கும் தெரியும்.

தர்ஷிகா புத்தகத்தை மூடி டீச்சர் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"சேக்காளியையும் நிப்பாட்டிட்டாங்களா டீச்சர்?"

டீச்சர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நான்தான் நின்றேன். இருபத்திரண்டு முகமும் என்னைப் பார்க்கிறது. வாய் திறந்தேன், வாக்கியம் வரவில்லை. மேடையில், வகுப்பில், பஸ்ஸில், எங்கேயும் எனக்கு அப்படி ஆனதில்லை. மணி அடித்துவிட்டது, நல்லவேளை. புத்தகம் பன்னிரண்டும் இப்போது பீரோவில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட புத்தகம், கசங்கக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். பழைய ஐந்தையும் அச்சகத்தார் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கரும்பலகை மூலையில் பெயர் மட்டும் இருக்கிறது. அழிக்கக் கூடாது இல்லையா.

முத்துச்செல்வி அக்கா இப்போது எங்கே போகிறார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நீங்கள் இந்தப் பக்கத்து ஆள், கேட்காமலே தெரிந்திருக்கும். வேறு அச்சகத்தில் எடுக்கமாட்டார்கள், விஷயம் எல்லா அச்சகத்துக்கும் போய்விட்டது. பட்டாசுதான். அவருடைய கூடப்பிறந்த அக்கா ஒரு பட்டாசு ஆலைக்குப் போய் வீடு திரும்பாதவர். அன்றிலிருந்து, எந்த வேலைக்கும் போவேன், பட்டாசுக்கு மட்டும் போகமாட்டேன் என்று இருந்தவர். பதினோரு வருடம் அதனால்தான் பைண்டிங்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இதுவும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். டீச்சர் சோறு போடும்போது சொன்னார், முகத்தைப் பார்க்காமல்.

காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் நாலரைக்குக் கொண்டுவந்து விடும். இன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. ஆனாலும் தர்ஷிகா நாலு மணிக்கே வேன் நிற்கிற இடத்துக்கு வந்து மைல்கல்லில் உட்கார்ந்துவிடுகிறாள். தினமும் அப்படித்தானாம். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலரை ஆனது, வேன் இல்லை. நாலே முக்கால். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. மேனேஜரிடம் என்னென்ன கேட்டேன், அவர் எப்படி வாயடைத்துப் போனார், லேபர் கோர்ட்டு என்று ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு நியாயம் கிடைக்கும், பெயர் போட்டதில் தப்பே கிடையாது, நாளைக்கு நீ பெரியவளானால் உனக்கே புரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பிள்ளை சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் முழங்காலில் கை வைத்தது.

"அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க. சத்தம் கேக்க மாட்டேங்குது."

வேன் சத்தத்தைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். வேன் சத்தம்தான்.

பேசாமல் இருந்தேன். ஐந்தரைக்கு வேன் வந்தது. டயர் பஞ்சராம். இறங்கிய பெண்கள் எல்லாருக்கும் முழங்கை வரைக்கும் வெள்ளிப் பூச்சு. அலுமினியத் தூள், கழுவினாலும் முழுக்கப் போகாதாம். முத்துச்செல்வி அக்கா என்னைப் பார்த்ததும், "எப்ப வந்தீங்க பாப்பா, சாப்பிட்டீங்களா" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்லியிருப்பேன், மன்னிப்பும் கேட்டிருப்பேன். சாப்பிட்டீங்களா என்றால் என்ன செய்வது? சாப்பிட்டேன் என்றேன். வீட்டுக்குள் போய், பரண் மேலிருந்து இந்தச் சுருளை எடுத்துவந்து கையில் கொடுத்தார். நண்டுக் கதை கட்டியதுபோக மிச்சம் இருந்த தாள்.

"இது வீட்டுல இருந்தா பயமா இருக்கு. அடுப்புல வைக்கலாம்னா இவ அழுகுறா. நீங்க படிக்கிறவங்க, கொண்டுட்டுப் போங்க."

தர்ஷிகா கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

அதுதான் ஓரத்தில் ஒட்டும் என்றேனே, அவர் விரலில் இருந்த வெள்ளித் தூள். நீங்கள் பிடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது, கட்டை விரலைப் பாருங்கள். முந்தானையில் துடைக்காதீர்கள், பரவும். எனக்கும் இருக்கிறது பாருங்கள். கழுவித்தான் பார்த்தேன்.

சும்மா விடமாட்டேன் அம்மா. எழுதப் போகிறேன். தெரிந்த ஒருவர் பத்திரிகையில் இருக்கிறார், நாலு பக்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சகத்தின் பெயர், பட்டாசு ஆலையின் பெயர், வேன் நிற்கிற இடம், அக்காவின் கதை, எல்லாம் முழுசாக வர வேண்டும். முத்துச்செல்வி அக்காவைக் கேட்டால் மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொல்லுவார், அதனால் கேட்கவில்லை. பெயர் இல்லாமல் எழுதினால் யாரோ எவரோ என்று ஆகிவிடாதா? எத்தனை நாளைக்கு நாம் பெயர் இல்லாமலே இருப்பது?

ஏன் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்? தப்பு என்றால் தப்பு என்று சொல்லுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே.

பரவாயில்லை. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள், அதுவே பெரிய விஷயம். கட்டுரையில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்து கேட்டவர் என்று, முருங்கைக்காயோடு. உங்கள் பெயர் என்ன அம்மா? எந்தத் தெரு?

எதற்குப் பையை எடுக்கிறீர்கள்? இது கள்ளிக்குடிதானே. மாட்டுத்தாவணிக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது அம்மா, டிக்கெட் அதுவரைக்கும் எடுத்திருக்கிறீர்கள். அம்மா, பெயராவது சொல்லிவிட்டு இறங்குங்கள். அம்மா.